உடற்பருமன் சிகிச்சையும் அதன் பிற்கால உணவு முறையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் மருத்துவ அன்பர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



காரியதரிசி அவர்கள் "ஆரோக்கியம்" என்னும் பொருள் பற்றி ஏதேனும் பேசுக என்று என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அப்பொருள் கடல் போன்றது. ஒரு மணி நேரத்தில் அதனை நீந்திக் கரையேற என்னால் ஆகாது. ஆதலின் அதில் ஒரு சிறு துறையை மட்டும் எடுத்துக்கொள்ள அவர்களிடம் அனுமதி பெற்றேன். நமது வைத்திய உதவி நிதிக்கு வரும் விண்ணப்பங்களைப் பார்வையிடும் பொறுப்பு சில காலமாக எனக்கு வாய்த்திருக்கிறது. அவற்றுள் சில, மிகுந்த உடற்பருமனுக்காக இரைப்பையைக் குறுக்கும் ரணசிகிச்சைக்குப் பொருளுதவி வேண்டுவன. சிகிச்சைக்குப் பணம் கேட்டு வந்த மனுக்களைக் கண்டேன். சிகிச்சைக்குப் பின் வரும் ஆண்டுகளுக்கு உதவி கேட்டு வந்த மனு ஒன்றையேனும் கண்டிலேன். அவ்வாண்டுகளைப் பற்றியே இன்று பேசப் புகுகின்றேன்.

நான் கத்தியெடுக்கும் வைத்தியன் அல்லேன். சென்னை, கோயம்புத்தூர், மதுரை முதலிய நகரங்களிலே கத்தியெடுத்து முடிந்த பின், ஊர் திரும்பி, தலைசுற்றல் என்றும் கைகால் மரத்தல் என்றும் மயிர் உதிர்தல் என்றும் சொல்லிக்கொண்டு வருவோரைப் பார்க்கும் சாதாரண வைத்தியன். ஆகவே என் பேச்சில் சிகிச்சையின் சிறப்பைக் காட்டிலும் அதன் பிற்பகுதியே மிகுந்து தோன்றுமாயின் அதனைப் பொறுத்தருள்க.

நாம் ஆற்றுப் பாய்ச்சலில் பிறந்து வளர்ந்தவர்கள். பொதிகையில் தோன்றி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் நீரைக் கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால் என்று வெட்டி, மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் அணை தேக்கி, காரும் பிசானமும் என இருபோகம் விளைவித்த நாடு இது. இந்நாட்டில் சோறே உணவு. மற்றவை எல்லாம் சோற்றுக்குத் துணை. நாற்று நட்டவரும் வரப்பு வெட்டியவரும் தண்ணீர் பாய்ச்ச இரவெல்லாம் கால்வாய்க் கரையில் நின்றவரும் அச்சோற்றைத் தம் உடலுழைப்பினால் செலவிட்டனர். இன்று நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. நம்மவரிற் பெரும்பாலார் வயலை விட்டுக் கடைக்கும் காரியாலயத்திற்கும் சென்றுவிட்டனர். ஆனால் இலையில் விழும் சோற்றின் அளவு மட்டும் பாட்டனார் காலத்து அளவாகவே நிற்கின்றது. அதன்மேல் மாலைப் பலகாரம், சர்க்கரை இட்ட காபி நான்கு வேளை, இரவில் பரோட்டா ஆகியவை புதிதாகச் சேர்ந்தன.

இதன் பயனை அரசாங்கக் கணக்கே காட்டுகின்றது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40.4 பேரும் ஆண்களில் நூற்றுக்கு 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர். இவரெல்லாம் சிகிச்சைக்குரியவர் அல்லர். உடல் எடையைக் கிலோகிராமில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து இருமுறை வகுத்தால் கிடைப்பது உடல் நிறை எண். 2009இல் இந்திய வல்லுநர்கள் வகுத்த முறைப்படி, அவ்வெண் 37.5ஐ எட்டியவருக்கும், நீரிழிவு முதலிய துணைநோய்கள் உடையவராயின் 32.5ஐ எட்டியவருக்கும் ரணசிகிச்சையை ஆலோசிக்கலாம். ஐந்தேகால் அடி உயரமுள்ளவருக்கு, அதாவது 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு, இது முறையே 96 கிலோவும் 83 கிலோவும் ஆகும். மேல்நாட்டாரைக் காட்டிலும் நமக்கு இவ்வரம்பு தாழ்வாக இருப்பதன் காரணம், குறைந்த எடையிலேயே நம் வயிற்றைச் சுற்றிக் கொழுப்புத் தங்கி நீரிழிவை வருவிக்கின்றது என்பதே. 2022இல் அமெரிக்க ரணவைத்தியர் சங்கமும் சர்வதேச சங்கமும் கூடி, ஆசிய மக்களுக்கு 27.5 என்ற எண்ணிலேயே இச்சிகிச்சையை அளிக்கலாம் என்று வரம்பை இன்னும் தாழ்த்தின. மேற்சொன்ன உயரத்திற்கு அது 70 கிலோவே ஆகின்றது. நீரிழிவு கட்டுக்கடங்காத சிலருக்கு அது நன்மையாகலாம். கலியாணத்திற்குப் பெண்ணை மெலிவிக்கும் வழியாக அதனை எண்ணுவோர் நம்மிடையே தோன்றாதிருக்க வேண்டும் என்பது என் கவலை.

இனி, சிகிச்சை யாதெனச் சுருங்கச் சொல்வேன். இருவகை இப்பொழுது பெருவழக்காக உள்ளன. ஒன்று, இரைப்பையின் வளைந்த பெரும்பக்கத்தை நீளவாட்டில் அறுத்து நீக்கி, அதனை ஒரு குழாய் போல ஆக்குவது; முன்னிருந்த பையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இதனால் போய்விடும். பசியை மூளைக்கு அறிவிக்கும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் அறுத்தெறிந்த அப்பகுதியிலே உண்டாவதாதலின், முதல் சில மாதங்களில் பசியே தோன்றாது. மற்றொன்று, இரைப்பையின் உச்சியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை மட்டும் தனியே பிரித்து, சிறுகுடலின் கீழ்ப்பகுதியை மேலே கொணர்ந்து அதனோடு தைத்து, உணவை மாற்று வழியில் விடுவது. நம் வாய்க்கால்காரர் மொழியில் சொன்னால், முதலாவது மடையைக் குறுக்குவது. இரண்டாவது, மடையையும் குறுக்கித் தண்ணீரையும் வேறு காலில் திருப்பிவிடுவது. இவ்விரண்டாவது முறையை 1966இல் அமெரிக்காவில் ஐயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்பார் தொடங்கினார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை அறுக்கப் பெற்றவர்கள் பின்னர் மெலிந்தே இருப்பதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் உதித்தது. இந்நாட்டில் 2011இல் நிதின் கட்கரி அவர்களும் 2014இல் அருண் ஜேட்லி அவர்களும் இவ்வகைச் சிகிச்சை பெற்ற செய்தி பத்திரிகைகளில் வந்த பிறகு பலரும் இதனை அறிந்தனர்.

இதனால் நன்மை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அதில் ஐயமில்லை. சுவீடன் தேசத்தில் 1987இல் தொடங்கி, சிகிச்சை பெற்ற 2010 பேரையும் பெறாத 2037 பேரையும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து நோக்கிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. சிகிச்சை பெற்றோரிடையே மரணம் குறைந்திருந்தது என்பதை 2007இல் அவர்கள் வெளியிட்டனர். ஆனால் அதே ஆராய்ச்சியில் நாம் கூர்ந்து நோக்க வேண்டிய வேறு எண்களும் உள. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர்கள் ஓரிரு ஆண்டுகளில் தம் எடையில் நூற்றுக்கு 32 பங்கு குறைந்தனர். பத்தாம் ஆண்டில் அக்குறைவு 25 பங்காயிற்று. அதாவது கொஞ்சம் திரும்பி வந்துவிட்டது. இரைப்பையின்மேல் வளையமிட்டுக் கட்டியவர்களுக்கு 20 பங்காக இருந்த குறைவு 14 பங்காயிற்று. நீரிழிவு உடையோரில் நூற்றுக்கு 72 பேருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் அடங்கியிருந்தது. பத்தாம் ஆண்டில் அடங்கியிருந்தவர் 36 பேரே. அச்சிகிச்சைகளுட் சில இன்று வழக்கொழிந்தவை. எனினும் கத்தி செய்யும் வேலை முதல் ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது என்பதும், அதன்பின் உணவே காக்கவோ கெடுக்கவோ செய்கிறது என்பதும் இவ்வெண்களால் விளங்கும்.

சிகிச்சை முடிந்து முதல் சில வாரங்கள் நீராகவும் கூழாகவும் மசியலாகவும் உணவு கொடுப்பார்கள். அதற்குரிய பட்டியலை மருத்துவமனையிலேயே எழுதிக் கொடுப்பார்கள். யாவரும் அச்சத்தினால் அதனை வழுவாது கடைப்பிடிக்கின்றனர். நான் கவலைப்படுவது பட்டியல் முடிந்து, அச்சம் தெளிந்து, சாதாரண உணவுக்குத் திரும்பிய பின் வரும் காலத்தைப் பற்றியே.

முதலில் சோறு. குறுகிய பைக்குள் ஒரு வேளைக்கு ஒரு சிறு கிண்ணம் அளவே இடமுண்டு. அவ்விடத்தைச் சோற்றால் நிரப்பினால் வேறெதற்கும் இடமில்லை. நூறு கிராம் சோற்றில் தசையை வளர்க்கும் புரதம் மூன்று கிராமுக்குக் குறைவே. இச்சிகிச்சை பெற்றவருக்கோ நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். இல்லையெனில் கொழுப்போடு தசையும் கரைந்து, எடை குறைந்தும் வலுவிழந்து நிற்பர். ஆகவே உண்ணும் வரிசையையே மாற்ற வேண்டும். பருப்பு, முட்டை, மீன், தயிர், பனீர், சுண்டல் முதலியன முதலில், காய்கறி அடுத்து, இடமிருந்தால் கடைசியாக ஒரு கரண்டிச் சோறு. நம் பந்தியிலோ முதலில் சோற்றைக் குவித்து அதன்மேல் பருப்பையும் நெய்யையும் ஒரு கரண்டி வார்க்கிறோம்; காயெல்லாம் இலையின் ஓரத்தில் தொட்டுக்கொள்ளும் பொருளாக நிற்கும். பிறந்த நாள் தொட்டுப் பழகிய வரிசையைத் தலைகீழாக்குவது கத்தியைக் காட்டிலும் கடினமான சிகிச்சை என்று நான் கருதுகிறேன். அன்றியும், குழைந்த சோறு ஒட்டி உருண்டு குறுகிய வழியில் தங்கிவிடுவதால், பலருக்கு அது நெஞ்சடைப்புப் போன்ற வேதனையைத் தருகின்றது. இட்லி அவ்வாறு துன்புறுத்துவதில்லை; ஆனால் இட்லி ஒன்றில் ஏறத்தாழ இரண்டு கிராம் புரதமே உளது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் நாட்டுச் சமையலில் இதற்கு வழியில்லையோ என்று எண்ண வேண்டா. தோலோடு கூடிய கறுப்பு உளுந்தைச் சேர்த்து நம் பெண்டிர் வடிக்கும் உளுந்தஞ்சோறு, வெறுஞ்சோற்றைக் காட்டிலும் பன்மடங்கு மேலானது. நூறு கிராம் உளுந்தில் 24 கிராம் அளவு புரதம் உண்டு. அரிசியைக் குறைத்து உளுந்தை மிகுத்து, எள்ளுத் துவையலை அளவாகச் சேர்த்து உண்டால் சைவ உணவினருக்கு அதுவே நல்ல ஆகாரம். பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், கெட்டித் தயிர், முருங்கைக்கீரையோடு பருப்புச் சேர்த்த மசியல் ஆகியவற்றையும் சொல்லலாம். மீன் உண்ணும் வீட்டார்க்குத் தூத்துக்குடிக் கடல் அருகிலேயே இருக்கிறது. பொரிக்காமல் குழம்பிலோ ஆவியிலோ வேகவைத்து உண்க. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் உண்டு. இவற்றை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பகுத்து, ஒவ்வொரு வேளையையும் அரை மணி நேரம் வரை மெல்ல மென்று உண்ண வேண்டும். அவசரக்காரருக்கு இது தவம் போன்றது.

அடுத்து அல்வா. அல்வாக் கடைக்காரர்கள் என்மேல் வருத்தங்கொள்ள வேண்டா, நானும் திருநெல்வேலிக்காரனே. கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் கூடிய அப்பொருள் மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர் வயிற்றில் விழுந்தால், தங்கிச் செரிக்க இடமின்றி நேரே சிறுகுடலில் இறங்கும். இரத்தத்திலுள்ள நீர் அங்கே இழுக்கப்பட்டு, அரை மணிக்குள் படபடப்பும் வியர்வையும் வயிற்று நோவும் பேதியும் தோன்றும். இது முதல் வகை. இரண்டாவது வகை வஞ்சகமானது. உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள், உடல் அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரந்துவிடுவதால் இரத்தத்தில் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, கைநடுக்கமும் மயக்கமும் வரும். அச்சமயம் உடனே கொஞ்சம் சர்க்கரை கொடுத்துக் காக்க வேண்டியதுதான். ஆனால் அதன்பின் பருப்போ தயிரோ உண்டு நிலைநிறுத்தாமல் மேன்மேலும் இனிப்பையே உண்டால் அதே சுழல் மறுபடியும் தொடங்கும். கருப்பட்டி நாட்டுச் சரக்காயிற்றே, அது தீங்கு செய்யாதே என்று என்னிடம் வாதிட்டவர் பலர். பனையில் விளைந்தாலும் கரும்பில் விளைந்தாலும் குடலுக்கு அது சர்க்கரையே. பதநீரும் அவ்வாறே.

ஆனால் எல்லோர்க்கும் இவ்வேதனை வருவதில்லை. குழாய்வடிவச் சிகிச்சை பெற்ற பலர்க்கு இனிப்பு இனிதாகவே இறங்கிவிடும். அவர்கள் நிலை இன்னும் ஆபத்தானது. குறுகிய பை தடுப்பது கெட்டியான உணவையே. வழுக்கி இறங்குவதை அது தடுப்பதில்லை. ஒரு முட்டையை முழுதும் உண்ண இயலாத ஒருவர், முறுக்கும் மிக்சரும் பிஸ்கோத்தும் கொறித்துக்கொண்டே ஒரு பொட்டலத்தைத் தீர்த்துவிடலாம். பாயசம், சர்க்கரைக் காபி, கலர் என்று நாம் வழங்கும் சோடா வகைகள் ஆகியவை பையில் தங்குவதே இல்லை. மறுவீட்டு விருந்தில் நாம் பெருமையோடு பரிமாறும் சொதியும் தேங்காய்ப்பால் மிகுதியினால் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். "நான் ஒன்றும் உண்பதில்லையே, எடை ஏறுகிறதே" என்று அழுகின்ற பெண்மக்களிடம் ஒரு நாள் முழுதும் வாயில் இட்டவற்றை எழுதிக் கொணரச் சொல்வேன். பொய் சொல்பவர் அவருள் ஒருவருமில்லை. கொறிப்பதை உணவாக எண்ணுவதில்லை, அவ்வளவே. உண்ணும்போது நீர் பருகுவதும் உணவை விரைவாக இறக்கிவிடும். ஆதலின் உணவுக்குப் பின் அரை மணி கழித்தே நீர் பருக வேண்டும். நாள் முழுவதும் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை மிடறு மிடறாகப் பருகுதல் வேண்டும்.

இனி, ஜீவசத்துக்கள். இதனை ஆயுட்கால விஷயம் என்று மருத்துவமனையில் சொல்லியே அனுப்புகின்றனர். ஆனால் உடல் நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு என்று ஓராண்டிலே நிறுத்திவிடுகிறார்கள். இரும்பும் சுண்ணாம்பும் பெரிதும் உறிஞ்சப்படுவது சிறுகுடலின் முதற்பகுதியிலே. மாற்றுவழிச் சிகிச்சையில் உணவு அப்பகுதியைத் தீண்டுவதே இல்லை. பி-12 என்னும் ஜீவசத்தைப் பிரித்து உறிஞ்ச இரைப்பையின் அமிலமும் அதன் சுரப்பும் வேண்டும், அவையும் குறைந்துவிட்டன. பி-12 தாவர உணவில் இல்லை. ஆகவே சைவ உணவினர் பலர் முன்னரே குறைவுடையவராகச் சிகிச்சைக்குச் செல்கின்றனர். கல்லீரலில் சேமித்துள்ளது சில ஆண்டுகள் தாங்கும். ஆதலால் மாத்திரையை நிறுத்தியவருக்கு உடனே ஒன்றும் தோன்றாது. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துக் கால் மரத்தலும் நடை தள்ளாடலும் மறதியும் வரும்போது, சிகிச்சையை அவரே மறந்திருப்பார். நரம்பில் ஏற்பட்ட கேடு பிறகு முழுதும் மீளும் என்ற உறுதியில்லை. பொதுவாக அறிவுறுத்தும் அளவு: பி-12 நாளொன்றுக்கு 350 முதல் 1000 மைக்ரோகிராம் அல்லது மாதம் ஓர் ஊசி, சுண்ணாம்புச் சத்து 1200 முதல் 1500 மில்லிகிராம், டி ஜீவசத்து 3000 அலகு, மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு இரும்பு 45 முதல் 60 மில்லிகிராம். சுண்ணாம்பையும் இரும்பையும் ஒரே வேளையில் விழுங்கினால் ஒன்றையொன்று தடுக்கும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடும் தேநீரோடும் விழுங்குதல் கூடாது. அவரவர்க்குரிய அளவை இரத்தப் பரிசோதனை கண்டு வைத்தியரே கூற வேண்டும்.

இப்பொழுது நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்திக்கு வருகிறேன். நம்மவர் இச்சிகிச்சையை மறைக்கின்றனர். "அளவாக உண்டு குறைத்துக்கொள்ளத் தெரியாதவர், கத்தியால் குறைத்துக்கொண்டார்" என்று ஊரார் நகைப்பர் என்னும் நாணமே காரணம். இந்நாணம் உயிருக்கே உலை வைக்கும். சிகிச்சை பெற்ற ஒருவர் சில வாரங்கள் தொடர்ந்து வாந்தி எடுக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். தெருமுனை மருத்துவரிடம் சென்று, சிகிச்சையைச் சொல்லாமல், "வாந்தி, களைப்பு" என்று மட்டும் சொல்கிறார். அவரும் வழக்கப்படி குளுக்கோஸ் ஏற்றுகிறார். வாந்தியினால் உடலில் தையமின் என்னும் பி-1 ஜீவசத்து அற்றுப்போயிருக்கும் நிலையில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், எஞ்சியிருந்த சிறிதளவும் அதனைச் செரிக்கவே செலவாகி, மூளை தாக்கப்பட்டுப் பார்வை தடுமாறி, நடை தளர்ந்து, அறிவு மயங்கிவிடும். முதலில் தையமினை ஊசியாகச் செலுத்திப் பின் குளுக்கோஸ் ஏற்றினால் இத்தீங்கு நேராது. ஒரே ஒரு வாக்கியம், "எனக்கு இரைப்பையில் சிகிச்சை ஆகியிருக்கிறது" என்பது, இவ்விரண்டுக்கும் இடையே நிற்கின்றது. அவ்வாறே மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் மாற்றுவழிச் சிகிச்சையில் தைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கி இரத்தம் கசியச் செய்யும். புகையும் அதனையே செய்யும். மதுவோ, அத்தகைய வயிற்றில் விரைந்து ஏறும். சிகிச்சைக்கு முன் அளவோடு இருந்தவரும் இரண்டாம் ஆண்டளவில் அதற்கு அடிமையாதல் உண்டு என்பது ஆராய்ந்து கண்டது.

பெண்ணைப் பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. மகளுக்குச் சிகிச்சை செய்வித்து, மாப்பிள்ளை வீட்டார் அறியாமல் மணம் முடித்து அனுப்பினால், அவள் அங்கே மாத்திரையை ஒளித்துத்தான் விழுங்க வேண்டும். விரைவில் விழுங்காமலும் விடுவாள். சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுதலைத் தள்ளிப்போட வேண்டும் என்பது மருத்துவர் விதி. எடை வேகமாகக் கரையும் அக்காலத்தில் கருவுக்குப் போதிய சத்துச் சேராது. மணமான மறுமாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்கும் மாமியாரிடம் இதனை எவ்வாறு சொல்வாள்? நிச்சயத்திற்கு முன்பே இரு வீட்டாரும் அறிந்திருத்தலே முறை. அன்றியும் நம் வீடுகளில் பெண்கள் எல்லோர்க்கும் பரிமாறிக் கடைசியில் உண்ணும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. பருப்பும் கறியும் அதற்குள் தீர்ந்திருக்கும். மிஞ்சியிருப்பது சோறும் ரசமும். சிகிச்சை பெற்ற பெண்ணுக்கு அவ்வழக்கம் பெருங்கேடு. மூன்று மணிக்கு ஒரு முறை அவள் தனக்கென ஒரு கிண்ணம் எடுத்து உட்கார்ந்து உண்ண வேண்டும். அதனை வீட்டார் குற்றமாகக் கருதுதல் கூடாது.

விரதங்களைப் பற்றிச் சிலர் கேட்டார்கள். திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசமிருக்கும் வழக்கமுடையோர் நம்மில் பலர். குறுகிய பையினர் ஒரே வேளையில் இழந்ததை ஈடுசெய்ய இயலாதவர். நீரும் அருந்தாதிருந்தால் விரைவில் உடல் வறளும். பால், மோர், பயறு ஆகியவற்றை வேளைதோறும் கொண்டு விரதத்தைக் காப்பது தகும், மாத்திரையை நிறுத்தலாகாது. நீரிழிவு மருந்து உட்கொள்வோர் வைத்தியரைக் கேளாமல் எவ்விரதமும் தொடங்குதல் ஆகாது.

எடை திரும்பி ஏறும்போது நோயாளியைக் குற்றவாளியாக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். பசிச்சுரப்பு மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்கின்றது. பை சிறிது விரிகின்றது. உடலும் இழந்த எடையை மீட்க முயல்கின்றது. ஐந்து கிலோ ஏறியபோதே வைத்தியரிடம் செல்பவர் மீள்வர். வெட்கத்தினால் இருபது கிலோ ஏறும்வரை மறைந்திருப்பவர்க்கு வழி கடினம். 2025 முதல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்துள்ள டிர்ஸெபடைட், செமாக்ளுடைட் என்னும் வாராந்தர ஊசிகளும் இவ்விடத்தில் சிலர்க்கு உதவக்கூடும். நிறுத்தினால் எடை திரும்பும், ஊசி போட்டுக்கொள்பவர்க்கும் புரதம் முதலில் என்ற விதி மாறாது. கத்தி வேண்டாம், ஊசி போதும் என்று கருதுவோர் இதனை அறிந்துகொள்க.

நம் சங்கம் செய்யத்தக்கது என்ன என்று கேட்டால், என் அபிப்பிராயத்தைத் தயங்காது கூறுவேன். நம் கலியாண மண்டபப் பந்தியில், ஒருவர் "போதும்" என்று கையை இலைக்குக் குறுக்கே வைத்த பிறகும் பரிமாறுபவர் கரண்டியைச் சாய்ப்பதை உபசாரம் என்று எண்ணுகிறோம். சிகிச்சை பெற்றவர் அவ்வாறு வைத்ததை உண்டால் வாந்தி; உண்ணாவிட்டால் விருந்தளித்தவர் முகம் கோணும். இதற்கஞ்சி விசேஷங்களுக்கே வராதொழிந்தவர்கள் உளர். கேட்டவர்க்குச் சிறிய இலை, அதில் முதலிலே பருப்பு, சுண்டல், தயிர் என்று சமையற்காரரிடம் ஓர் உத்தரவு கொடுப்பதில் மண்டபத்துக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. இலையில் மிஞ்சி எறியும் அன்னமும் குறையும்.

நிதியைப் பற்றியும் ஒன்று. இதுவரை நாம் சிகிச்சைக்கு ஒருமுறை உதவித்தொகை அளித்து, கணக்கை முடித்துவிடுகிறோம். சிகிச்சைக்குப் பின் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், அதன்பின் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்: இரத்தத்தின் அளவு, இரும்பு, பி-12, சுண்ணாம்பு, டி ஜீவசத்து, சர்க்கரை. இதற்கும் மாத்திரைக்கும் ஆகும் செலவே ஏழைக் குடும்பத்தை இடையில் நிறுத்தச் செய்கின்றது. சிகிச்சைக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, ஐந்து ஆண்டுகளுக்குப் பரிசோதனைச் சீட்டைக் காட்டியபோது பகுத்துக் கொடுக்கலாம். விண்ணப்பதாரர் உணவுமுறை அறிந்த ஒருவரிடம் வீட்டாரோடு சென்று ஆலோசனை பெற்றதற்கு அத்தாட்சி கொணர்ந்த பின்னரே முதல் தவணையைக் கொடுப்பதும் நலம். சமைப்பவர் கேளாத ஆலோசனை நோயாளிக்குப் பயன்படாது. மனுவில் வரும் பெயர்கள் நிர்வாக சபைக்கு வெளியே செல்லாதபடி காத்தல் வேண்டும். வைத்தியரிடம் மறைக்கலாகாது என்று சொன்ன நான் ஊராரிடம் பறைசாற்றுக என்று சொல்லவில்லை.

இவற்றை எழுத்து மூலம் காரியதரிசி அவர்களிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் விவாதத்திற்கு வரும்போது, சிகிச்சை பெற்ற அன்பர்கள் எவரேனும் தம் அனுபவத்தைத் தனியே தெரிவிக்க விரும்பினால், ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கட்டிடத்தில் என்னைக் காணலாம்.